சித்தப்பாவுக்கு ஒரு கேமரா

போன் இருக்கும் காலத்தில் சின்ன கேமராவுக்கு என்ன வேலை? ஊரில் இருக்கும் உறவினருக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கித் தருவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

"அதான் போன்லயே கேமரா இருக்கே, தனியா ஒண்ணு எதுக்கு?" உறவினருக்குக் கேமரா பரிசளிக்கலாம் என்று வீட்டில் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஜப்பானின் பெரிய கேமரா கம்பெனிகளையே ஆட்டிவைத்த கேள்வியும்கூட. 2010-ல் உலகம் முழுக்க விற்பனைக்குப் போன, லென்ஸைக் கழற்ற முடியாத சின்ன டிஜிட்டல் கேமராக்கள் 10 கோடிக்கும் மேல். 2023-ல் அந்த எண்ணிக்கை 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

இருந்தும் அந்தச் சின்ன கேமராவைப் பற்றி விரிவாகப் பேசக் காரணம் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம், பள்ளிப்பட்டு வட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பொதட்டூர்பேட்டை. நெசவு ஊர். தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கூடவே வரும். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும். கொண்டான் கொடுத்தான் உறவு எல்லை தாண்டி நகரி, புத்தூர் வரை நீளும். பிள்ளைகள் படித்து முடித்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட, ஊரில் தங்கிவிட்ட சித்தப்பாவோ அத்தையோ இப்படி எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்கள் கையிலும் போன் உண்டு. பெரும்பாலும் பிள்ளைகள் மாற்றிக் கழித்துக் கொடுத்த போன். 'இடமில்லை' என்று அது நாளைக்கு நாலு முறை சொல்லும். இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை காலை வணக்கப் படங்களும் யாரோ அனுப்பிய வீடியோக்களும். பேத்தியின் காதுகுத்துப் படம் அந்தக் குவியலுக்கு அடியில் எங்கோ கிடக்கும். போன் தண்ணீரில் விழுந்தால் அதோடு அதுவும் போயிற்று.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். பதினைந்தாயிரம் ரூபாய் போன், பகல் வெளிச்சத்தில், பத்தாயிரம் ரூபாய் கேமராவுக்குச் சமமாகப் படம் எடுக்கும். சில நேரம் அதைவிட நன்றாகவும் எடுக்கும். மலிவான கேமராக்களில் இருக்கும் சென்சார் சுமார் 6 மில்லிமீட்டர் அகலமும் நாலரை மில்லிமீட்டர் உயரமும்தான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. போனுக்குள் இருக்கும் மென்பொருள் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி இருட்டைச் சமாளிக்கிறது. மலிவான கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. 'போனைவிடப் படம் பளிச்சென்று வரும்' என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

பிறகு எதற்காக வாங்குவது? மூன்று காரணங்கள் உண்டு. கண்ணாடி வில்லைகள் நிஜமாகவே நகர்ந்து தூரத்தில் இருப்பதை அருகில் கொண்டுவரும் ஜூம். கல்யாண மண்டபத்தின் இருட்டு மூலையை ஒரு கணம் பகலாக்கும் உண்மையான ஃபிளாஷ். மூன்றாவதுதான் எனக்குப் பெரிது: அந்தப் பெட்டிக்குப் படம் எடுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அது மணி அடிக்காது. கடன் வேண்டுமா என்று கேட்காது. எடுத்த படமெல்லாம் ஒரு கார்டில் வரிசையாக இருக்கும். இந்த மூன்றில் ஒன்றுகூட உங்கள் உறவினருக்குத் தேவைப்படாது என்றால் கேமரா வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் பழைய குடும்பப் படங்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுங்கள். அது இன்னும் நல்ல பரிசு.

ரோல் காலத்துப் பரிசு

மலிவான கேமராவுக்கும் குடும்பப் பரிசுக்கும் உள்ள உறவு நூறாண்டைத் தாண்டியது. 1900-ல் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் பிரவுனி என்ற அட்டைப்பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்றது. பணக்காரர்களின் பொழுதுபோக்கு அன்றோடு சிறுவர்கள் கைக்கும் வந்தது. நம் நாட்டில் அந்த இடத்தைப் பிடித்தது பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் த்ரீ. ஒரு ரோலில் 12 படம். லென்ஸைத் திருகிச் சரிசெய்யும் வேலை அதிகமில்லை. வெயிலில் நிற்கவைத்து ஒரு அமுக்கு, அவ்வளவுதான்.

1960-ன் கடைசியில் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் உருவானது. 1967-ல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் படச்சுருள் நம் மாநிலத்திலேயே தயாரானது. இன்றைக்கு அந்த ஆலை மூடிக் கிடக்கிறது. வீட்டு அலமாரிகளில் இருக்கும் அறுபது, எழுபதுகளின் கறுப்பு வெள்ளைப் படங்களில் எத்தனை ஊட்டிச் சுருளில் பிறந்தவையோ!

பிறகு எண்பதுகளில் ஹாட் ஷாட் வந்தது. தொண்ணூறுகளில் கோடக் கேபி 10, யாஷிகா எம்எஃப் டூ. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விடுமுறைக்கு வந்த மாமா, பெட்டியில் சென்ட் பாட்டிலுக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவில் ஒரு கேமராவைச் சுற்றிக் கொண்டுவருவார். ஒரு ரோலில் 36 படம். கல்யாணத்துக்குப் பாதி, திருத்தணி முடி காணிக்கைக்கு மீதி என்று கணக்குப் போட்டு எடுப்பார்கள். எண்ணிக்கை குறைவுதான். ஆனால் எடுத்த படம் எல்லாமே காகிதத்துக்கு வந்தது. ஆல்பத்தில் ஏறியது. அதனால்தான் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி அழுதுகொண்டிருக்கும் நம் படம் நாற்பது வருடம் கழித்தும் கையில் இருக்கிறது. நம் பிள்ளைகளின் மொட்டைப் படம் அச்சில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது?

தறி வீட்டில் எழும் கேள்விகள்

பொதட்டூர்பேட்டைச் சித்தப்பா நெசவோடு தொடர்புள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். கேமராவை அவர் கோயிலுக்கு எடுத்துப் போவதைவிட அதிகமாகத் துணியைப் படம் எடுக்கத்தான் பயன்படுத்துவார். புது டிசைன் இறங்கியதும் படம் எடுத்து வியாபாரிக்கு அனுப்புவது இன்று சாதாரண நடைமுறை. கேமரா வாங்கித் தருகிறவர்கள் யோசிக்காத சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

முதல் சிக்கல், துணியில் இல்லாத அலை படத்தில் தெரிவது. நெருக்கமான கட்டம் போட்ட லுங்கியையோ நுண்ணிய கோடு ஓடும் சேலையையோ எடுத்துப் பாருங்கள். வானவில் நிறத்தில் வளைந்து வளைந்து கோடுகள் நெளியும். கேமரா கெட்டுவிட்டது என்றே பலர் நினைத்துவிடுவார்கள். பழுது எதுவும் இல்லை. துணியில் இழைகள் வரிசையாக ஓடுகின்றன. சென்சாரிலும் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு வரிசைகளின் இடைவெளியும் ஏறத்தாழ ஒத்துப்போய், ஆனால் முழுதாகப் பொருந்தாமல் இருக்கும்போது இந்த அலை பிறக்கிறது. இரண்டு கொசுவலைத் துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு நகர்த்தினால் தெரியும் அதே அலைதான். தீர்வும் எளிது. ஓரடி முன்னே போங்கள், அல்லது பின்னே வாருங்கள். கேமராவைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். ஜூமைக் கொஞ்சம் கூட்டிக் குறையுங்கள். இடைவெளிக் கணக்கு மாறியதும் அலை காணாமல் போகும். கேமராத் திரையில் மட்டும் தெரிந்து, படத்தைப் பெரிதாக்கினால் மறையும் அலையும் உண்டு. அதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது, நிறம். அரக்குச் சிவப்பு படத்தில் தக்காளிச் சிவப்பாகப் போனால் வியாபாரி சரக்கைத் திருப்பி அனுப்புவார். டியூப் லைட் ஒரு பக்கம், ஜன்னல் வெயில் ஒரு பக்கம் என்று இரண்டு ஒளியும் கலந்து விழுந்தால் எந்தக் கேமராவும் தடுமாறும். விளக்கை அணைத்துவிட்டு, நேர் வெயில் படாத திண்ணை நிழலில் துணியை விரித்து, பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளைச் சமநிலையைக் கையால் அமைக்கும் வசதி மலிவுக் கேமராக்கள் பலவற்றில் மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். அந்தக் காகிதத்தைக் காட்டி அதை ஒருமுறை அமைத்துக்கொண்டால் நிறம் பெரும்பாலும் நிலைத்துவிடும்.

மூன்றாவது, தறிக் கொட்டகையின் எல்இடி விளக்கு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மலிவான விளக்குகள் அதற்கேற்ப நொடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு வீடியோவிலும் சில படங்களிலும் கறுப்புப் பட்டையாக விழும். பல கேமராக்களின் மெனுவில் 50, 60 என்று ஒரு தேர்வு இருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த கேமராவில் அது 60-ல் நிற்க வாய்ப்புண்டு. 50-க்கு மாற்றிவிட்டால் தொல்லை குறையும்.

விற்பனையாளர் யாரும் சொல்லாத ஒன்று, பஞ்சுத் துகள். தறி ஓடும் இடத்தில் காற்றெல்லாம் பஞ்சு. ஜூம் கேமராவின் லென்ஸ் குழல் வெளியே நீண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும்போது அந்தத் துகளையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். நாளடைவில் லென்ஸ் பாதியில் சிக்கி நின்றுவிடும். அந்தப் பழுதைச் சரிசெய்யும் கூலி, மலிவான கேமராவைப் பொறுத்தவரை, அதன் விலைக்கே பக்கத்தில் போய்விடும். எனவே ஜிப் வைத்த ஒரு சின்ன உறை கட்டாயம். தறி ஓடும்போது கேமராவை ஆன் செய்யாமல் இருப்பது அதைவிட நல்லது.

படிக்கட்டும் பொய்கையும்

அத்தைக்கு என்றால் கதை வேறு. ஆடிக் கிருத்திகை, தை, பங்குனி என்று முருகன் விசேஷம் எதையும் விடாதவர். திருத்தணி மலைக்கு 365 படிகள். டிசம்பர் 31 இரவில் படித் திருவிழா. கிருத்திகைக் கூட்டத்தில் காவடிகளுக்கு நடுவில் நெருங்கிப் போய்ப் படம் எடுக்க அவரால் முடியாது. சரவணப் பொய்கையில் தெப்பம் சுற்றும்போது கரையில் பத்து வரிசைக்குப் பின்னால்தான் நிற்பார். விலை குறைந்த போனில் விரலால் விரித்துப் பெரிதாக்கினால் படம் பூசி மெழுகினாற்போல் ஆகிவிடும். ஐந்து மடங்கு கண்ணாடி ஜூம் இருக்கிற கேமரா அங்கே உதவும். வாங்கும்போது 'ஆப்டிகல் ஜூம்' என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'டிஜிட்டல் ஜூம்' என்றால் போனில் விரிப்பதுபோலத்தான். ஆனால் ராத்திரித் தெப்பத்தை இந்தக் கேமரா அழகாக எடுத்துத் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஃபிளாஷ் வெளிச்சம் மூன்று, நான்கு மீட்டருக்கு மேல் பயன்படாது. மாலை வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

கோயிலுக்குள் படம் எடுக்கக் கூடாது என்பதைப் பரிசு கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கேமராவும் பைக்குள் இருக்க வேண்டியதுதான். படியும் மலைப்பாதையும் அடிவாரமும் பொய்கையும் போதும்.

கடையில் நிற்கும்போது

திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயில் இருக்கிறது. சென்ட்ரலில் இறங்கி அண்ணா சாலைப் பக்கம் போனால் கேமராக் கடைகள் உண்டு. கையில் பிடித்துப் பார்த்து வாங்க முடிந்தால் அதுவே நல்லது. அறுபது வயது விரலுக்குப் பொத்தான் அகப்படுகிறதா, சாளேசுரக் கண்ணுக்குத் திரை தெரிகிறதா என்பதை இணையத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சிட 1800-க்கு 1200 புள்ளி போதும். அதாவது வெறும் 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம் என்று பெரிதாகப் போட்டாலும் 9 மெகாபிக்சலைத் தாண்டாது. 16 இருந்தால் தாராளம். இணையத்தில் பெயர் தெரியாத பிராண்டுகளில் '4கே, 64 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம்' என்று மூவாயிரம், நாலாயிரத்துக்கு விற்கும் கேமராக்களை ஒதுக்குங்கள். அவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது சாதாரணச் சென்சார். மீதிப் புள்ளிகளை மென்பொருள் இட்டு நிரப்புகிறது. ஜூம் என்று சொல்வதும் டிஜிட்டல் ஜூம்தான்.

பிராண்டுகளில் இன்று புதிதாகக் கிடைப்பவை குறைவு. கோடக் பிக்ஸ்ப்ரோ வரிசையில் எஃப்இசட் 45, எஃப்இசட் 55 இரண்டும் 16 மெகாபிக்சல். (கோடக் என்ற பெயர் மட்டுமே பழையது. பழைய நிறுவனம் 2012-ல் திவாலுக்கு மனுப் போட்டது. இவற்றை விற்பது அந்தப் பெயருக்கு உரிமம் பெற்ற ஜேகே இமேஜிங்.) 45-க்கு நாலு மடங்கு ஜூம், இரண்டு டபுள்-ஏ செல். 55-க்கு ஐந்து மடங்கு ஜூம், சார்ஜ் செய்யும் பேட்டரி. சோனியின் டபிள்யூ 800, நிக்கானின் கூல்பிக்ஸ் ஏ 10 ஆகியவை இந்த விலையில் ஒரு காலத்தில் நன்றாக விற்றவை. இப்போது பழைய இருப்பாகவோ கைமாறியோதான் கிடைக்கும்.

நல்ல நிலையில் கூல்பிக்ஸ் ஏ 10 கிடைத்தால் பொதட்டூர்பேட்டைக்கு அதையே தேர்ந்தெடுப்பேன். ஐந்து மடங்கு ஜூம், டபுள்-ஏ செல் என்பதெல்லாம் சரி. அதன் மெனுவைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம், தெலுங்கிலும் வைத்துக்கொள்ளலாம். ஆங்கில மெனுவைக் கண்டு கேமராவைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிடும் பெரியவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

டபுள்-ஏ செல் என்பதையும் நான் வேண்டுமென்றே சொல்கிறேன். தனி பேட்டரி கெட்டுப்போனால் அதற்காகச் சென்னைக்கு வர வேண்டும். மூன்று வருடம் கழித்து அது சந்தையில் இருக்குமா என்பதும் சந்தேகம். டபுள்-ஏ செல் பஜாரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் கடிகாரத்துக்குப் போடும் பத்து ரூபாய் செல் கேமராவுக்கு ஆகாது, சில படங்களிலேயே மூச்சு விட்டுவிடும். திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நாலும் ஒரு சார்ஜரும் சேர்த்து வாங்குங்கள். கேமரா மெனுவில் செல்லின் வகையைக் கேட்டால் அதையே தேர்ந்தெடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் சார்ஜ் இருக்கும்போதே 'தீர்ந்துவிட்டது' என்று காட்டும்.

பழைய டிஜிட்டல் கேமராக்களுக்கு இப்போது இளைஞர்களிடையே திடீர் மவுசு. அதனால் விலையும் ஏறியிருக்கிறது. பழையது வாங்கினால் லென்ஸ் தடங்கலின்றி நீண்டு மடங்குகிறதா என்று பலமுறை ஆன், ஆஃப் செய்து பாருங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்டி கார்டு போடும் கேமராவாக மட்டும் வாங்குங்கள். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராக்கள் சிலவற்றுக்கு வேண்டிய எக்ஸ்டி கார்டு இப்போது தயாரிப்பிலேயே இல்லை. புதியது என்றால் பில்லும் வாரண்டி அட்டையும் கடை முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். டிஜிட்டல் கேமராவுக்கான ஜிஎஸ்டி 2019 ஜனவரி முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பில் இல்லாமல் அதைவிடக் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கினால் பழுதுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

பரிசு பள்ளிக்கூடம் போகும் தங்கை மகளுக்கு என்றால் இன்ஸ்டாக்ஸ் மினி போன்ற உடனடிப் படக் கேமராவை யோசிக்கலாம். எடுத்த கணமே படம் காகிதத்தில் வரும் சந்தோஷம் தனி. ஆனால் ஒரு படத்துக்கு ஐம்பது ரூபாய்போல ஆகும். படமும் பர்ஸில் வைக்கும் அட்டை அளவுதான். பிலிம் வாங்கித் தர ஆள் இல்லாத வீட்டில் முதல் பாக்கெட்டோடு அது அலமாரிக்குப் போய்விடும்.

கையில் பன்னிரண்டாயிரம் இருந்தால் அதில் இரண்டாயிரத்தைத் தொடாமல் எடுத்து வையுங்கள். 32 ஜிபி கார்டு, செல், உறை, அச்சுக்கூலி ஆகியவை அதற்குள் அடங்கும். 16 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 5 அல்லது 6 எம்பி. அந்த ஒரு கார்டில் ஐயாயிரம் படத்துக்கு மேல் நிற்கும். பெட்டியைப் பிரிக்காமல் கொடுப்பதுதான் பரிசுக்கு அழகு என்று நினைக்காதீர்கள். நீங்களே பிரித்து, தேதியும் மொழியும் வைத்து, கார்டு போட்டு, கைப்பட்டையைக் கோத்து, எடுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். தேதி தவறினால் பிறகு பத்து வருடப் படமும் தவறான ஆண்டில் கிடக்கும். பொத்தானைப் பாதி அமுக்கி, பச்சைக் கட்டம் வந்ததும் மீதியை அமுக்க வேண்டும் என்பதை உடனிருந்து பழக்குங்கள். கேமரா புழக்கத்துக்கு வருமா, பீரோவுக்குப் போகுமா என்பது அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பொங்கலுக்கோ கிருத்திகைக்கோ அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தக் கார்டை வாங்கி வாருங்கள். படங்களை ஒரு கணினியில் நகலெடுத்து வையுங்கள். சித்தப்பாவும் அத்தையும் எடுத்ததில் நல்லதாக ஐம்பதைத் தேர்ந்து நாலுக்கு ஆறில் அச்சிட்டு, ஓர் ஆல்பத்தில் போட்டு அவர்கள் கையில் கொடுங்கள். இதை வருடத்துக்கு ஒருமுறை செய்ய முடியும் என்றால் மட்டும் கேமரா வாங்குங்கள்.